ஏரிக்கூடத்தில் எவரும் இருமுவதில்லை

சூப்பைக் கரண்டியால் அள்ளும்போது நம்மை நோக்கி அள்ளக் கூடாது. எதிர்ப்புறமாக அள்ள வேண்டும். இது சிறிய விஷயம்தான். ஆயினும், ஒருவர் சூப்பை எந்தப் பக்கம் அள்ளுகிறார் என்பதைக் கொண்டே அன்று மாலை முழுவதும் அவர் எவ்வாறு நடந்துகொள்வார் என்பதை என்னால் கூறிவிட முடியும். திரு. எல்மர் பாப்கே தம்மை நோக்கி அள்ளினார். ஆகவே, ஐயா, நான் எதையுமே எதிர்பார்க்கவில்லை என்று உங்களிடம் கூறினால் அது உண்மையாகாது.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். நீங்கள் அந்தத் தடித்த ரொட்டியைக் கடித்துக்கொண்டே என்னை விசாரிப்பதை நான் குறையாகக் கருதவில்லை. காவல் நிலையம் உணவுக்கூடம் அன்று. உங்கள் மீசையின் இடது ஓரத்தில் கடுகுச் சாந்து ஒட்டியிருக்கிறது, இன்னும் சற்று இடப்புறம், ஆம், அங்கேதான். இப்போது நாம் இருவரும் நிம்மதியாகப் பேசலாம்.

என் பெயர் லெனர்ட் விசோக்கி. மில்வாக்கியின் நடுவே ஏரியைப் பார்த்து நிற்கும் லாத்ரப் ஹவுஸ் ஓட்டலில், ஏரிக்கூடம் என்னும் உணவுக்கூடத்திற்கு நான் தலைமைப் பொறுப்பாளன். விருந்தினரை வாசலில் வரவேற்பதும், தகுதியறிந்து மேசை தருவதும், அவர்கள் எழுந்து செல்லும்வரை கூடத்தின் ஒழுங்கைக் காப்பதும் என் கடமைகள். அங்கே என்னை மிஸ்டர் லெனர்ட் என்றே அழைப்பார்கள். விசோக்கி என்னும் பெயரை நான் நகரின் தெற்குப் பக்கத்திலேயே விட்டுவிட்டு வந்தேன்.

தெற்குப் பக்கத்தில் என் தாயார் ஒரு பீர்க்கடை நடத்தினார். வெள்ளிக்கிழமைதோறும் பொரித்த மீனும் உருளைக்கிழங்கு அப்பமும் உண்டு. அங்கே வந்தவர்கள் உண்டார்கள் என்பதைவிட முழங்கினார்கள் என்பதே பொருந்தும். ஒரு வெள்ளிக்கிழமை, ஸ்டான் என்ற லாரி ஓட்டுநரின் தொண்டையில் மீன்துண்டு ஒன்று அடைத்துக்கொண்டது. அவர் கத்தவில்லை. மூச்சு அடைத்தவர் கத்துவதில்லை. கத்துவதற்கும் மூச்சு வேண்டும். கை தொண்டைக்குப் போகும், கண்கள் விரியும், உதடுகள் நீலம் பாரிக்கும், அவ்வளவுதான். அந்த நிலையில் மனிதரிடம் எஞ்சியிருக்கும் ஒரே நாகரிகம் அந்த மௌனம். என் தாயார் அதையும் கெடுத்தார். மதுமேடையின்மேல் ஏறிக் குதித்து, ஸ்டானைக் குப்புறச் சாய்த்து, முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தார். மீன்துண்டு பறந்து சென்று பக்கத்து ஆளின் பீரில் விழுந்தது. கடையே கைதட்டியது.

"ஸ்டான், அந்த மீனுக்கு உங்கிட்ட காசு வாங்க மாட்டேன். முழுசாத் திருப்பிக் குடுத்துட்ட," என்றார் என் தாயார்.

"அப்ப என் பீருக்கு யாரு பதில் சொல்றது?" என்றார் பக்கத்து ஆள்.

அனைவரும் நெடுநேரம் சிரித்தார்கள். ஸ்டான் அழுதுகொண்டே சிரித்தார். நான் தட்டுக் கழுவும் தொட்டியருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் உயிர் பிழைத்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது எவ்வளவு அருவருப்பாகப் பிழைத்தது என்பதே என் மனத்தில் தங்கியது.

நான் நாகரிகத்தை முப்பது வயதுக்குமேல் கற்றவன். பிறப்பிலேயே பெற்றவர்கள் அதில் அலட்சியமாக இருப்பார்கள். முழங்கையை மேசைமேல் ஊன்றுவார்கள். தவறி ஒரு கரண்டியைக் கீழே போட்டால் சிரிப்பார்கள். முயன்று கற்றவனுக்கு அந்த உரிமை கிடையாது. நூலகத்திலிருந்து ஒழுக்கநெறி நூல்களைக் கொணர்ந்து, கண்ணாடியின் முன் காலித் தட்டை வைத்து, இல்லாத இறைச்சியை வெட்டி, கத்தியை வைத்து, முள்கரண்டியை வலக்கைக்கு மாற்றி, இல்லாததை உண்டு பழகினேன். என் தாயாரின் இறுதிச் சடங்கு விருந்தில் ஓசையின்றிச் சூப் அருந்திய ஒரே மனிதன் நான்தான். அதை அன்று எவரும் கவனிக்கவில்லை. இருப்பினும் நான் அறிவேன்.

ஏரிக்கூடத்தை நீங்கள் விசாரணைக்கு வந்தபோதுதான் பார்த்தீர்கள். உங்கள் ஆட்கள் பூட்ஸ் காலோடு நடந்தார்கள். அதன் உண்மையான அழகு சனிக்கிழமை மாலைகளில்தான் விளங்கும். எல்லா மேசைகளிலும் மனிதர்கள் அமர்ந்திருப்பார்கள். ஆனால் ஐஸ்கட்டி கண்ணாடிக் கோப்பையில் தட்டும் ஒலிக்குமேல் வேறொன்றும் கேட்காது. பியானோ வாசிப்பவரைக்கூட நான் நிறுத்திவிட்டேன். காப்பீட்டு நிறுவனத்தார் ஒரு படம் அனுப்பினார்கள். தொண்டையில் உணவு அடைத்தவருக்கு எவ்வாறு உதவுவது என்பதை வரைந்து காட்டும் படம். அதை உண்போர் கண்ணில் படும்படி மாட்ட வேண்டுமாம். பாலாடை பூசிய மீனை ஒருவர் உண்ணும்போது எதிரே நாக்குத் தள்ளிய மனிதனின் படம் இருந்தால் எவ்வாறிருக்கும் என்று சற்று நினைத்துப் பாருங்கள். நான் அதைக் கழற்றி எறியவில்லை. நல்ல சட்டமிட்டு, நடைவழியின் கோடியில், விருந்தினரின் கோட்டுகளை வைக்கும் கோட்டு அறையில் மாட்டினேன்.

டோலரஸ் ஷிமான்ஸ்கியைப் பற்றியும் கூற வேண்டும். அவள் எங்கள் தெருவினள். என் தாயாரின் கடையில் பீர் ஊற்றியவள். கடை மூடியபின் வேலை கேட்டு வந்தாள். பரிமாறும் பணி கொடுத்தேன். என்னை லென்னி என்று அழைக்கக் கூடாது, தட்டுகளை முழங்கைவரை அடுக்கக் கூடாது என்னும் இரண்டு நிபந்தனைகளை மட்டுமே விதித்தேன்.

"சரிங்க சார்," என்றாள். "சிரிக்கலாமா?"

"பல் தெரியாம," என்றேன். அவள் நான் விளையாட்டாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டாள்.

இனி அந்தச் சனிக்கிழமை. ஜூன் மாதம், ஏரியில் இன்னும் வெளிச்சம் இருந்தது. சன்னலோர மேசையில் ஒருவர் தனியாக அமர்ந்திருந்தார். சாம்பல் நிற உடை, ஒழுங்கான நகங்கள். தட்டை மெல்ல உயர்த்தி அடிப்பக்கத்து முத்திரையைப் பார்த்தார். முள்கரண்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உணவகங்களுக்கு நட்சத்திரம் வழங்கும் கையேட்டின் ஆய்வாளர்கள் இவ்வாறுதான் பெயர் சொல்லாமல் தனியே வருவார்கள். எங்களுக்கு நான்கு நட்சத்திரங்கள் இருந்தன. ஐந்தாவது கிடைத்தால் சிகாகோவுக்கு வடக்கே எங்களுக்கு நிகரில்லை. அந்த மாலை முழுவதும் என் உள்ளம் அந்தச் சன்னலோர மேசையில்தான் இருந்தது என்பதை நீங்கள் கருத்திற்கொள்ள வேண்டும்.

அப்போதுதான் பாப்கே தம்பதியர் வந்தார்கள். கண்ணில் படுமுன் காதில் விழுந்தார்கள்.

"நாங்கதான் பாப்கே. பொண்ணு போன் பண்ணிச் சொல்லியிருப்பா. கல்யாணமாகி நாப்பது வருஷம். இவ இன்னும் என்னைத் துரத்தல, அதுக்குத்தான் விருந்து."

"மெதுவாப் பேசு எல்மர். இது உன்னோட பாட்டில் ஃபேக்டரி இல்ல," என்றார் அவருடைய மனைவி திருமதி ஜென் பாப்கே.

"மெதுவாத்தானே பேசுறேன்."

"நீ மெதுவாப் பேசினா தெருமுனையில நாய் குலைக்கும்."

அவர் பீர் ஆலையில் புட்டிகள் ஓடும் பிரிவில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. அந்த இரைச்சலில் பாதிக் காதை இழந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள்; எங்கள் கடையில் அவர்கள் நிறைய. சன்னலோர மனிதர் தலையை நிமிர்த்தினார். நான் மனத்துக்குள் ஐந்தாவது நட்சத்திரம் ஒருமுறை மங்கியதைக் கண்டேன்.

"சார், இங்க கோட்டு போட்டுத்தான் உக்காரணும். நாங்களே ஒண்ணு தர்றோம்," என்றேன், அவர் குரலைக் குறைக்கத் தூண்டும்படி என் குரலைக் குறைத்து.

"வாடகை எவ்வளவு?"

"வாடகை கிடையாது சார்."

"அப்ப ரெண்டு குடுங்க. ஜென்னுக்குக் குளிருதாம்."

இரவல் கோட்டுகள் கருநீலம். மார்பில் ஓட்டலின் சின்னம். அவருக்குக் கொடுத்த கோட்டின் கைகள் விரல்களை மூடின. திருமதி பாப்கே அவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு கல்யாணத்துக்குப் போற?"

"என் கல்யாணத்துக்கே கோட்டு இரவல்தானே," என்றார் அவர்.

நான் அவர்களைச் சமையலறைக் கதவருகே அமர்த்தவில்லை. வேறு எவராயினும் அங்கேதான் அமர்த்தியிருப்பார்கள். நான் நல்ல மேசையைத்தான் கொடுத்தேன், ஏரி தெரியும், சன்னலோர மேசையிலிருந்து மட்டும் சற்றுத் தொலைவு. அவர்கள்பால் எனக்கு வெறுப்பில்லை. உண்மையில் அவர் முகத்தில் நான் கண்டது, கற்றுக்கொள்ள வேண்டும் என்னும் ஆவலை. மனைவியின் முன்னால் தவறு செய்துவிடக் கூடாது என்று அஞ்சும் மனிதரின் ஆவல். என்னைப்போன்று தானே முட்டி மோதிக் கற்க வேண்டிய நிலை அவருக்கு வர வேண்டாம் என்று எண்ணினேன்.

ஆகவே சூப்பை எந்தப் பக்கம் அள்ளுவது என்று கூறினேன். அவர் உடனே திருத்திக்கொண்டார். பின்னர் இறைச்சி வந்தது. கனமான, அரைவேக்காட்டு மாட்டிறைச்சி. அவர் கத்தியை எடுத்து முழுத்துண்டையும் சின்னச் சின்னக் கட்டங்களாக நறுக்கத் தொடங்கினார். நான் குனிந்தேன்.

"சார், ஒரு துண்டு வெட்டணும். கத்திய வெச்சிடணும். முள்கரண்டிய வலது கைக்கு மாத்திச் சாப்பிடணும். அப்புறம்தான் அடுத்த துண்டு."

"புதுப் பல்செட்டுங்க. இன்னும் சரியா உக்காரல. பெருசாப் போட்டா மெல்ல முடியல. அதான் பொடிசா நறுக்கிக்குறேன்."

"குழந்தைங்களுக்குத்தான் சார் அப்படி நறுக்கி வெப்பாங்க."

அவர் சிவந்துபோனார். மனைவி கேட்டுவிட்டாரா என்று பார்த்தார். அந்த அம்மாள் ஏரியில் பாய்மரப் படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரிங்க," என்றார் அவர், அன்று மாலை முதன்முறையாகத் தாழ்ந்த குரலில். அது எனக்கு மனநிறைவளித்தது, மறைக்க மாட்டேன்.

வாயில் உணவிருக்கையில் தண்ணீர் அருந்தக் கூடாது என்பதையும் கூறினேன். இறுதியாக, எல்லோருக்கும் கூறுவதைப்போலவே, அவருக்கும் கூறினேன்:

"தொண்டையில ஏதாவது தொந்தரவுன்னா, நாப்கினை நாற்காலி மேல வெச்சிட்டு, சத்தமில்லாம எழுந்து வெளிய போயிடணும் சார். இந்தக் கூடத்துல யாரும் இருமுறதில்ல."

"தும்மல் வந்தா?"

"அதுக்கும் அதேதான் சார்."

"சிரிப்பு வந்தா?"

"வராது சார்."

அவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அந்த மனிதரிடம் இன்னும் திருத்த வேண்டியவை சில இருந்தன.

சற்று நேரத்திற்குப்பின் நான் வாசலருகே நின்று கூடத்தைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தேன். திரு. பாப்கே உண்பதை நிறுத்தியிருந்தார். அவர் என்னையே பார்த்தார். பின்னர் நாப்கினை எடுத்தார். இரண்டாக மடித்தார். நாற்காலியின்மேல் வைத்தார். நாற்காலியை ஓசையின்றி மேசையடியில் தள்ளினார். ஒரு கை கழுத்துப் பட்டியைத் தளர்த்துவதைப்போலத் தொண்டையில் இருந்தது. நீண்ட கோட்டுக் கை அதை நன்றாகவே மறைத்தது. அவர் மனைவி படகுகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. திரு. பாப்கே மேசைகளுக்கிடையே நேராக, நிதானமாக, எவர் நாற்காலியிலும் இடிக்காமல், என்னை நோக்கி நடந்து வந்தார். அந்தக் கூடத்தைக் கோடீஸ்வரர்கள் கடந்து போயிருக்கிறார்கள், ஐயா. ஒருவரும் அவ்வளவு அழகாகக் கடந்ததில்லை.

அவருக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். அவர் முகத்தில் இருந்தவை ஸ்டானின் கண்கள் என்று சொல்லலாம். எங்கள் தெருவில் வளர்ந்த எவனுக்கும் அது தெரியும்.

டோலரஸுக்கும் தெரிந்தது. தட்டேந்தி எதிரே வந்தவள் நின்றுவிட்டாள்.

"சார், அவரு முகத்தப் பாருங்க."

"சன்னல் மேசைக்குச் சாஸ் கொண்டு போ, டோலரஸ்."

"முகம் நீலமா இருக்கு சார்."

"கோட்டு நீலம். அதோட நிறம் முகத்துல அடிக்குது."

சன்னலோர மனிதர் அப்போது எங்கள் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார். என் தாயார் செய்ததை நான் அங்கே செய்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பாதி மென்ற இறைச்சி ஒன்று எந்த மேசையில் போய் விழுந்திருக்கும் என்று எவரால் சொல்ல முடியும்? மெழுகுவத்தியின்மேல் விழுந்திருக்கலாம். பல்செட்டும் உடன் வந்திருக்கலாம். நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை நல்ல இடத்தில் உண்ண வந்த மனிதரை, மனைவியின் கண்ணெதிரே, அவ்வாறு இழிவுபடுத்த எனக்கு மனம் வரவில்லை. நான் அவருடைய முழங்கையைத் தாங்கி, பார்ப்போருக்கு இரு நண்பர்கள் பேசிச் செல்வதைப்போலத் தோன்றும்படி, நடைவழியில் அழைத்துச் சென்று கோட்டு அறையில் விட்டேன்.

"இங்க எவ்வளவு வேணும்னாலும் இருமலாம் சார். யாருக்கும் கேக்காது," என்றேன்.

அவர் என் கைப்பட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார். விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, கசங்கிய பட்டியைச் சரிசெய்துகொண்டேன். இன்னொரு கையால் அவர் சுவரைச் சுட்டினார். அங்கே காப்பீட்டு நிறுவனத்தாரின் படம் இருந்தது. நல்ல படம்தான், எளிய கோடுகள். ஆனால் அதன் ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு மனிதர்கள் தேவைப்படுகிறார்கள். எனக்குக் கூடத்தில் வேலை இருந்தது.

திரும்பிவந்து திருமதி பாப்கேயின் மேசைக்குச் சென்றேன்.

"எல்மர் எங்க போனான்?" என்றார்.

"மகளுக்குப் போன் பண்ணப் போயிருக்கார் மேடம்."

"அவனா? போன்ல அவனுக்கு ஒரு எழவும் கேக்காது." பிறகு சிரித்துக்கொண்டார். "இல்ல, அழப் போயிருப்பான். கல்யாண நாள் வந்தா ஒரு தடவை அழுதே ஆகணும் அவனுக்கு. நான் பாத்துடக் கூடாதுன்னு எங்கயாவது போய் நின்னுக்குவான். நீங்க கண்டுக்காதீங்க. தானா வந்துருவான்."

கண்டுகொள்ள வேண்டாம் என்று அந்த அம்மாளே கூறினார் என்பதைக் குறித்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

நான் அவர்களுக்கு ஓட்டலின் அன்பளிப்பாக ஓர் இனிப்பு வரவழைத்தேன். செர்ரிப் பழங்களின்மேல் பிராந்தி ஊற்றி மேசையருகிலேயே நெருப்பிட்டு, ஐஸ்கிரீமின்மேல் கவிழ்ப்பது. நீல நெருப்பு ஓசையின்றி எரியும். என் கூடத்தில் நான் அனுமதித்த ஒரே காட்சி அது. சன்னலோர மனிதர் மெச்சுதலோடு பார்த்தார். திருமதி பாப்கே கரண்டியின் நுனியால் தட்டின் நடுவே ஒரு கோடு கிழித்தார்.

"இந்தப் பக்கம் அவனுக்கு. இல்லன்னா வருஷம் பூரா சொல்லிக் காட்டுவான்."

தம் பாதியை மட்டும் உண்டார். மற்றப் பாதி உருகத் தொடங்கியதும், கணவரின் தட்டைப் பார்த்து, கூச்சத்துடன், "இதைக் கட்டிக் குடுப்பீங்களா? முக்காவாசி அப்படியே இருக்கு. நாளைக்கு ரொட்டி நடுவுல வெச்சுத் தின்பான்," என்றார்.

மீந்த உணவைக் கட்டிச் செல்வது எனக்கு உடன்பாடானதன்று. ஆனால் விருந்தினர் கேட்டபின் மறுப்பது அதைவிட இழுக்கு. நல்ல இடங்களில் மீந்ததை வெள்ளித்தாளில் சுற்றி அன்னப்பறவையின் வடிவில் தருவார்கள். மற்றவர்கள் ஏனோதானோ என்று முறுக்கிவிடுவார்கள்; கழுத்து சரிந்து கோழிபோல் ஆகிவிடும். நான் பக்க மேசையில் நின்று என் கையாலேயே செய்தேன். உடல், மடித்த சிறகு, மேலெழுந்து வளையும் கழுத்து. கழுத்தில்தான் பொறுமை வேண்டும். முதல் அன்னத்தின் அலகு எனக்குப் பிடிக்கவில்லை. பிரித்துவிட்டு மீண்டும் செய்தேன். இறைச்சி மூச்சை முற்றிலும் அடைத்திருக்கவில்லை என்றும், அந்நேரத்தில் கதவைத் திறந்து உதவியிருந்தால்கூட அவரை மீட்டிருக்கக்கூடும் என்றும் மருத்துவர் உங்களிடம் கூறியிருக்கிறார். மருத்துவர்கள் அப்படித்தான் கூறுவார்கள். அந்த அன்னத்தை நீங்கள் சான்றுப் பொருளாக எடுத்து வைத்திருக்கிறீர்கள். கழுத்து இன்னும் நிமிர்ந்துதானே இருக்கிறது?

அலகைக் கூராக்கிக்கொண்டிருந்தபோது டோலரஸ் என் தோளருகே வந்து நின்றாள்.

"அவரு எங்க சார்?"

"மூணாம் மேசைக்குக் காப்பி கேட்டாங்க."

"டேய் லென்னி. அந்த ஆளு எங்கடா?"

அவள் அதைக் கத்திச் சொல்லவில்லை. அந்த அளவுக்கு அவளும் கற்றிருந்தாள். ஆனால் நிபந்தனையை மீறினாள்.

"நீ பேசுற முறை சரியில்ல, டோலரஸ்."

"உங்கம்மா இருந்திருந்தா இந்நேரம் அந்த ஆளு உசுரோட உக்காந்து பீர் குடிச்சிட்டிருப்பான்டா," என்றாள். தட்டை, நிறைந்த தட்டை, விருந்தினரின் மேசைமேலேயே வைத்துவிட்டு, ஏரிக்கூடத்தின் நடுவே ஓடினாள். பரிமாறுபவர்கள் அந்தக் கூடத்தில் ஓடியதேயில்லை.

சற்றுப்பின் நடைவழியிலிருந்து அவளுடைய அலறல் கேட்டது. கதவில் மோதும் ஒலியும் கேட்டது. எல்லா மேசைகளிலும் தலைகள் நிமிர்ந்தன. திருமதி பாப்கே எழுந்தார். அவர் மடியிலிருந்த நாப்கின் தரையில் விழுந்தது. அதை எடுக்கக்கூட நிற்காமல் அந்த வயதில் அவரும் ஓடினார். அவர் எழுப்பிய ஓசையை நான் வருணிக்க விரும்பவில்லை. அத்தனை ஆண்டுகள் நான் காத்த அமைதி அந்த ஓசையில் முடிந்தது. இந்த வழக்கில் இழப்பு எனக்கும் நேர்ந்திருக்கிறது என்பதை எவரும் குறிப்பிடவில்லை.

சன்னலோர மனிதர் கையேட்டின் ஆய்வாளர் அல்லர் என்றும், ஷெபாய்கன் நகரில் தேவாலய இருக்கைகளுக்கு மெத்தை விற்பவர் என்றும் நேற்று நீங்கள் கூறினீர்கள். என் முகத்தைக் கூர்ந்து பார்த்தபடியே கூறினீர்கள். எனக்கு வருத்தமில்லை. நெறி என்பது ஆய்வாளருக்காக மட்டும் கடைப்பிடிப்பதன்று. மேலும், அந்த அலறலுக்குச் சற்று முன்னர் அவர் டோலரஸிடம், "எவ்வளவு அமைதியான இடம்மா இது," என்று கூறியிருக்கிறார். அவளே உங்களிடம் அதைச் சொல்லியிருக்கிறாள். சற்று நேரமேனும் அந்தக் கூடம் முழுமையாக இருந்தது என்பதற்கு அது சான்று.

இனி எஞ்சியிருப்பது கதவைப் பற்றிய கேள்வி. கோட்டு அறை பூட்டியிருந்தது என்று டோலரஸ் கூறியதாகவும், ஏரிக்காற்றின் ஈரத்தில் மரம் உப்பி இறுகியிருந்தது என்று நான் கூறியதாகவும் எழுதி வைத்திருக்கிறீர்கள். இரண்டும் உண்மையாக இருக்க முடியாது என்கிறீர்கள். நியாயம்தான். முரண்பட்ட வாக்கியங்கள் ஒரு பக்கத்தில் இருப்பது எனக்கும் உறுத்துகிறது. டோலரஸ் கூறியதே சரி. நான்தான் பூட்டினேன். சாவி என் கோட்டின் உள்பையில் இருந்தது. விருந்தினர் எவரேனும் கோட்டை எடுக்க வந்து, காணக் கூடாத நிலையில் ஒருவரைக் கண்டு, இருவருக்கும் சங்கடமாகிவிடக் கூடாது என்பதற்காகவே பூட்டினேன். ஜூன் மாதத்தில் கோட்டைத் தேடி யார் வருவார் என்று கேட்கிறீர்கள். ஏரிக்காற்றை நீங்கள் அறிய மாட்டீர்கள்.

உடனே கூடத்திற்குத் திரும்பிவிட்டேன் என்று முன்னர் கூறியதையும் திருத்திக்கொள்கிறேன். உடனே திரும்பவில்லை. கதவருகில் நின்றேன். அவர் உள்ளிருந்து தட்டினார். தெற்குப் பக்கத்தார் தட்டுவதைப்போல, முழுக் கையால், கதவு அதிரும்படி தட்டினார். அந்த ஒலி நடைவழியைக் கடந்துவிடுமோ என்று அஞ்சி, கதவிடுக்கில் வாயை வைத்து, "மெதுவா, சார்," என்றேன். அடுத்த முறை அவர் சற்றுக் குறைத்துத் தட்டினார். நான் காத்திருந்தேன். பின்னர் இன்னும் குறைத்தார். கடைசியில், விரல் நுனியால், எனக்கு மட்டும் கேட்கும்படி தட்டினார், அதன்பின் தட்டவில்லை. எத்தனையோ பேருக்கு நான் கற்றுக்கொடுத்திருக்கிறேன், ஐயா. அவ்வளவு விரைவாகக் கற்றுக்கொண்டவர் வேறு எவரும் இல்லை.